ஏரி தெரியும் மேல்தள வீடு: சேலத்தில் முதல்முறை வாங்குபவர்களுக்கு

பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சேலத்துக்குத் திரும்பி வரும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி விசாரிக்கிற வீடு ஒன்று இருக்கிறது. கன்னங்குறிச்சிப் பக்கம், மூக்கனேரியைப் பார்த்தபடி, அடுக்குமாடியின் கடைசித் தளம். பால்கனியில் நின்றால் தண்ணீர், அதற்கு அப்பால் சேர்வராயன் மலை. வீட்டை ஒட்டித் தனியாக ஒரு மொட்டை மாடி. விளம்பரத்தில் பென்ட்ஹவுஸ் என்று போடுகிறார்கள். நானும் ஏரி தெரியும் மேல்தள வீட்டில்தான் ஒன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். காலையில் அந்த மலையைப் பார்த்துக் காபி குடிக்கும் சுகத்தை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வாங்கும்போது எனக்குத் தெரியாமல் போனவை நிறைய. அவை உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த மாதிரி வீட்டுக்கு நாம் கூடுதல் விலை கொடுப்பது இரண்டு விஷயத்துக்காக. ஒன்று ஏரி, இன்னொன்று மொட்டை மாடி. பிற்பாடு வில்லங்கம் வருவதும் இந்த இரண்டிலிருந்துதான். சமையலறை மேடை, குளியலறைக் குழாய் எல்லாம் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டை மாற்ற முடியாது.

முதல் வேலை: கரையில் நடப்பது

வீட்டுக்குள் போவதற்கு முன்னால் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடங்கள். புரோக்கர் இல்லாமல் போவது நல்லது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நிறைந்தால் எங்கே போகிறது என்று பாருங்கள். மூக்கனேரிக்கு மலையடிவாரத்து ஓடைகளில் இருந்துதான் தண்ணீர் வருகிறது. மலையில் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தால் மறுநாள் காலையில் ஏரியின் முகமே மாறியிருக்கும். அதனால் மனைக்குப் பக்கத்தில் வரத்து ஓடை போகிறதா, ஏரி நிறைந்தால் தண்ணீர் வழியும் கோடி எந்தப் பக்கம் விழுகிறது, கோடித் தண்ணீர் போகும் வாய்க்கால் திறந்து கிடக்கிறதா அல்லது யாராவது மண் போட்டு மூடியிருக்கிறார்களா என்று கண்ணால் பார்க்க வேண்டும். கடைசித் தளத்துக்கு வெள்ளம் வராது. ஆனால் காரும், ஜெனரேட்டரும், லிஃப்ட் குழியும், மின்மீட்டர் பலகையும் கீழேதான் இருக்கின்றன. அவை நனைந்தால் நீங்கள் மேலே மாட்டிக்கொள்வீர்கள்.

நான் வாங்குவதற்கு முன் பார்த்த இன்னொரு மனையில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். "இங்க எதுவரைக்கும் தண்ணி நிக்கும்ங்க?" என்று கேட்டேன். கையில் இருந்த குச்சியால் ஒரு பனைமரத்தைக் காட்டினார். "மழை நல்லா பேஞ்ச வருசத்துல அந்தப் பனையோட கால் நனையும் கண்ணு." போய்ப் பார்த்தேன். மரத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் வண்டல் படிந்த கோடு இருந்தது. விற்பனைக்குக் காட்டிய மனையின் வேலி அந்தப் பனைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்தது. அந்த இடத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன். பழைய மரம், மதகுச் சுவர், கோயில் படிக்கட்டு என்று எதில் தண்ணீர்க் கோடு தெரிந்தாலும் அதை ஒரு ஆவணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 58 ஏக்கர் மூக்கனேரி இன்று பார்க்க அழகாக இருப்பது தானாக நடந்ததில்லை. 2010இல் சூழல் ஆர்வலர் பியூஷ் மானுஷும் அவரோடு சேர்ந்த ஊர் மக்களும் தூர்வாரி, அள்ளிய மண்ணை உள்ளேயே மேடுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். பறவைகள் வந்து அடைவது அந்த மேடுகளில்தான். யாராவது தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் ஏரிக்கும் கேட்பாரில்லாத ஏரிக்கும் உங்கள் பால்கனியில் வீசும் காற்றே வேறாக இருக்கும். ஆகாயத்தாமரை மூடியிருக்கிறதா, கழிவுநீர் நேராகக் கலக்கிறதா என்பதையும் இந்த நடையிலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் நிலத்தின் காகிதம்

சர்வே எண்ணை வாங்குங்கள். தர இழுத்தடித்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்த எண்ணை வைத்து வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அரசுப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் படம்) மூன்றையும் எடுங்கள். மாநகராட்சிக்குள் இருக்கும் மனை என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல் வேண்டும். அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது, அதை ஒட்டிய எண்களுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டையும் படிக்க வேண்டும். ஏரி, ஏரி உள்வாய் (ஏரிக்குள் தண்ணீர் நிற்கும் பகுதி), ஓடை, வாய்க்கால், புறம்போக்கு என்ற சொற்கள் பக்கத்து எண்ணில் இருந்தால், எல்லை எங்கே என்பதே உங்கள் அடுத்த கேள்வி.

அதற்கு உரிமம் பெற்ற சர்வேயரை அழைத்து வந்து புலப்படத்தின்படி அளக்கச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். கல் எங்கே இருக்கிறது, சுற்றுச்சுவர் எங்கே இருக்கிறது என்பது அரை நாளில் தெரிந்துவிடும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. நீர்நிலையில் கட்டிய கட்டடம் என்று வந்துவிட்டால், வங்கிக் கடன் கொடுத்தது, பத்திரம் பதிவானது, வீட்டு வரி கட்டியது எதுவும் காப்பாற்றாது. நீதிமன்றமும் இந்த விஷயத்தில் இரக்கம் காட்டுவதில்லை. ஏரியின் பக்கம் நின்று பார்த்தால் அதுதான் சரி.

வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல், குறைந்தது 30 வருடத்துக்கு எடுங்கள். மூலப்பத்திரத்திலிருந்து கட்டுநர் கைக்கு வந்தது வரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். இதை உங்கள் சொந்த வக்கீல் பார்க்கட்டும். கட்டுநர் கொடுக்கும் சட்டக் கருத்தும், வங்கி தன் பாதுகாப்புக்காக வாங்கும் சட்டக் கருத்தும் உங்களுக்காக எழுதப்பட்டவை இல்லை.

மொட்டை மாடி யாருக்கு?

இதில்தான் நான் அடிபட்டேன். எனக்கு விற்றவர் கொடுத்த வண்ணப் புத்தகத்தில், மாடி முழுவதும் எங்கள் வீட்டோடு சேர்ந்ததாகப் படம் போட்டிருந்தது. வாயாலும் அப்படித்தான் சொன்னார். பத்திரத்தில் அதைப்பற்றி ஒரு வரி கூட இல்லை. அங்கீகரித்த வரைபடத்திலோ அது பொது மொட்டை மாடி. குடிவந்த இரண்டாவது வருடம் கீழ்வீட்டு அக்கா வடகம் காயவைக்க மேலே வந்தார். என் கணவர் அது எங்கள் மாடி என்றார். பேச்சு வளர்ந்து குடியிருப்போர் சங்கம் வரை போய், வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது அந்த அக்கா சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. அதற்காக நாங்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் போனது போனதுதான். அதைவிட, ஒரே கட்டடத்தில் இருக்கும் மனிதரோடு ஒரு வருடம் முகம் பார்க்காமல் இருந்தது எனக்குப் பெரிய வலி.

இன்று உங்களுக்குத் துணையாக 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் இருக்கிறது. கட்டுநர்கள் வீடு விற்பதை ஒழுங்குபடுத்தும் சட்டம் அது; அதை நடத்தும் ஆணையத்தையும் ரெரா என்றே சொல்கிறார்கள். அதில் மொட்டை மாடி, பூங்கா, திறந்தவெளி வண்டி நிறுத்தம் எல்லாம் பொதுப் பகுதிகள். அதே சட்டம் தனிப்பட்ட திறந்த மாடி என்ற ஒன்றையும் சொல்கிறது. அதாவது ஒரு வீட்டை ஒட்டி, அந்த வீட்டுக்காரர் மட்டும் புழங்குவதற்காக விட்ட மாடிப் பகுதி. மேல்தள வீட்டில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது இந்த இரண்டாவது வகை மட்டும்தான். தலைக்கு மேலே இருக்கும் முழு மாடியையும் எழுதிக்கொடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆகவே மூன்று காகிதங்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், ரெராவில் பதிவேற்றிய வரைபடம், உங்கள் விற்பனை ஒப்பந்தம். மூன்றிலும் உங்கள் தனி மாடி ஒரே அளவில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நான்கு எல்லையும் சதுர அடியும் பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுத்தில் வர வேண்டும். அந்த மாடி வழியாகத்தான் தண்ணீர்த் தொட்டிக்கோ லிஃப்ட் அறைக்கோ ஆள் போக வேண்டும் என்றால் அதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மாடியில் பிறகு கூரை போடலாம், அறை கட்டலாம் என்று யாராவது ஆசை காட்டினால், அனுமதி எங்கே என்று கேளுங்கள். அனுமதி இல்லாமல் எழுப்பிய அறையை வாங்குகிறவர் இடிக்கும் செலவையும் சேர்த்தே வாங்குகிறார்.

சதுர அடிக் கணக்கு

விளம்பரத்தில் போடுவது சூப்பர் பில்ட்-அப். அதில் படிக்கட்டும் லிஃப்ட்டும் நடைபாதையும் சேர்ந்திருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது கார்ப்பெட் ஏரியா. சுவருக்குள் நீங்கள் நடமாடும் தரை அதுதான். ரெராவின்படி விற்பனை கார்ப்பெட் ஏரியாவை வைத்துத்தான் நடக்க வேண்டும். பால்கனியும் தனி மாடியும் அதில் சேராது. மேல்தள வீட்டில் மாடி பெரிதாக இருப்பதால் இந்த இடத்தில் கணக்கு ரொம்பவே குழம்பும். உள்ளே எவ்வளவு, பால்கனி எவ்வளவு, மாடி எவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

அடுத்தது யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு. ஒரு உதாரணம். மனை 20 சென்ட், அதாவது 8,712 சதுர அடி. எல்லா வீடுகளும் சேர்ந்து 24,000 சதுர அடி. உங்கள் வீடு 2,400 என்றால் பத்தில் ஒரு பங்கு. ஆக உங்களுக்கு 871 சதுர அடி மனை வர வேண்டும், ஏறக்குறைய இரண்டு சென்ட். பத்திரத்தில் 600 என்று இருந்தால் மீதி எங்கே போனது என்று கேளுங்கள். கட்டடம் பழசாகும், மண்ணுக்கு வயது இல்லை. நாளைக்கு இடித்துக் கட்டும் பேச்சு வரும்போது உங்கள் கையில் இருக்கப்போவது இந்தப் பங்குதான்.

மூன்று வேளை போய்ப் பாருங்கள்

முதல் வேளை, சித்திரை வெயிலில் மதியம் மூன்று மணி. முடிந்தால் அதே நாள் ராத்திரி ஒன்பது மணிக்கும். ஸ்டூலில் ஏறி உள்கூரையில் கையை வையுங்கள். வெளியே காற்று ஆறியிருக்கும், கூரை இன்னும் தோசைக்கல்லைப் போலச் சுடும். கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரிதான் கக்குகிறது. சேலத்தில் கோடையில் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். மாடியில் வெதரிங் கோர்ஸ் (வெயிலும் மழையும் உள்ளே இறங்காமல் கான்கிரீட்டின் மேல் போடும் காப்பு அடுக்கு) போட்டிருக்கிறார்களா, அதன் மேல் வெள்ளை கூலிங் டைல்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கான்கிரீட்டின் மேல் பெயின்ட் மட்டும் என்றால் ஏசி ராத்திரி முழுக்க ஓடும்.

இரண்டாவது வேளை, மழைக்கு மறுநாள். மேல்தள வீட்டின் பெரிய நோயே ஒழுகல்தான். மழைக்காலம் வரை காத்திருக்க முடியாது என்றால் தண்ணீர் தேக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மாடியில் தண்ணீர் வடியும் வாய்களை ஈரச் சாக்கு வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் விட வேண்டும். பிறகு உள்ளே வந்து கூரையும் சுவரும் சேரும் மூலைகளையும், குழாய் இறங்கும் இடங்களையும், மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் முதலில் கொக்கியைச் சுற்றி ஒரு வட்டமாகத்தான் தெரியும். நல்ல கட்டுநர் இதற்கு மறுக்க மாட்டார். மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

மூன்றாவது வேளை, சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழரை வரை. பால்கனிக் கதவைத் திறந்துவைத்து உட்காருங்கள். கொசு எவ்வளவு, கோடையில் தண்ணீர் வற்றும்போது நாற்றம் வருகிறதா என்று அப்போதுதான் தெரியும். ஜன்னல்களுக்கெல்லாம் கொசுவலைச் சட்டம் போடும் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் குளியலறைக் குழாயையும் திறந்து பாருங்கள். தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் மேல்தளத்தில்தான் தண்ணீர் வேகம் குறைவு. கீழ்த்தளத்தில் பீய்ச்சி அடிக்கும் ஷவர் இங்கே சொட்டும். பிரஷர் பம்ப் வைக்க இடமும் மின் இணைப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள். மேட்டூர்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, மீதி நாள் போர்வெல்லா லாரியா என்பதைக் கட்டுநரை விட அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்கள் சரியாகச் சொல்வார்கள். மின்சாரம் போனால் லிஃப்ட் ஓடுமா, லிஃப்ட்டுக்கு உரிமம் புதுப்பித்திருக்கிறதா, கட்டடத்தில் இடிதாங்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வயதான அம்மா அப்பாவோடு குடிவருபவர்களுக்கு லிஃப்ட் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். படுக்கையறைக்கு மேலே லிஃப்ட் மோட்டார் இருந்தால் அந்த அறையில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள்.

அனுமதிகள்

மனை 500 சதுர மீட்டருக்கு மேல் என்றாலோ எட்டு வீட்டுக்கு மேல் என்றாலோ ரெரா பதிவு கட்டாயம். பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெராவின் தளத்தில் போட்டு, முடிக்க வேண்டிய தேதியையும் வரைபடத்தையும் பாருங்கள். கட்டி முடித்த வீடு என்றால் பணி முடிப்புச் சான்று வேண்டும். உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். அப்போது தீயணைப்புத் துறையின் சான்றையும் கேளுங்கள். மேல்தளத்தில் குடியிருக்கப் போகிறவருக்கு அந்தச் சான்று வெறும் காகிதம் கிடையாது.

மலைமேலேயே ஏற்காட்டு ஏரியைப் பார்த்து வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அது வேறு கணக்கு. ஏற்காடு வட்டம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகிறது. கட்டட உயரத்துக்கும் சரிவில் மண் வெட்டுவதற்கும் கட்டுப்பாடு அதிகம். அரசு பழங்குடி மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலமும் அங்கே உண்டு. அதை மற்றவர்கள் வாங்க முடியாது. மலைமேல் உயர அடுக்குமாடியின் உச்சி வீடு என்று யாராவது விற்றால் முதலில் அனுமதிக் கடிதத்தைத்தான் கேட்க வேண்டும்.

பணம்

1 கோடியே 20 லட்சம் விலை என்று வைத்துக்கொள்வோம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில் வங்கி அதிகபட்சம் 75 சதவீதம்தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆக 90 லட்சம் கடன் கிடைத்தாலும் 30 லட்சம் கைப்பணம். பதிவுச் செலவு அதற்கு மேலே. கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் புது வீட்டுக்கு, 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை, முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 7 சதவீதம். அது 8.4 லட்சம். 2023 டிசம்பரிலிருந்து இந்த முறை இருக்கிறது. மனைக்கு மட்டும் பத்திரம், கட்டடத்துக்குத் தனி ஒப்பந்தம் என்ற பழைய வழக்கத்தைச் சொல்லி யாராவது செலவைக் குறைத்துக் காட்டினால் ஏமாறாதீர்கள். இன்னொருவர் குடியிருந்த வீடு என்றால் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், 10.8 லட்சம்.

கட்டிக்கொண்டிருக்கும்போதே வாங்கினால் இந்த விலைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 6 லட்சம். பணி முடிப்புச் சான்று வந்தபின் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. என்னைக் கேட்டால் முடிந்த வீட்டை வாங்குங்கள். வரி மிச்சம் என்பதோடு கூரையையும் சோதித்துப் பார்த்துவிடலாம்.

விலை 50 லட்சத்தை எட்டினாலே விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சதவீதம் டிடிஎஸ், அதாவது அவர் கணக்கில் சேரும் வருமான வரி, பிடித்து நீங்கள்தான் அரசுக்குக் கட்ட வேண்டும். இங்கே 1.2 லட்சம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விகிதமும் முறையும் வேறு, ஆடிட்டரைப் பாருங்கள். முன்பணம் விஷயத்தில் ஒன்றை மறக்காதீர்கள். பதிவுசெய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க ரெரா கட்டுநரை அனுமதிக்கவில்லை. "ஆடி முடியறதுக்குள்ள பாதிப் பணம் போட்டுருங்க, விலை ஏறிடும்" என்று அவசரப்படுத்தினால் இந்த விதியைச் சொல்லுங்கள்.

சாவி வாங்கிய பிறகு

சாவி வாங்கிய அன்றே, சாமான் ஏற்றுவதற்கு முன், எல்லாக் கூரை மூலைகளையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை எது தெரிந்தாலும், சொன்ன 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து கொடுப்பது கட்டுநரின் கடமை. வாயால் சொல்லாமல் எழுத்தில் சொல்லுங்கள். மின் இணைப்பையும் மாநகராட்சி வீட்டு வரியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் சேருங்கள், முதல் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு குழு இருந்தால் அதிலும் சேரலாம்.

அப்புறம், ஆடி பிறந்ததும் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை, மாடியில் தண்ணீர் வடியும் வாய்களைக் கையை விட்டுச் சுத்தம் செய்யுங்கள். ஏரிக்கரைக் காற்றில் காய்ந்த இலையும் கொக்கு இறகும் வந்து அடைத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் இந்த வருடம் ஒரு பை நிறைய எடுத்தோம். வாளி பிடித்துக்கொண்டு கூட நின்றது கீழ்வீட்டு அக்காதான்.